வரைபடத்தில் 11 கிலோமீட்டர்

இரண்டாம் நாள் காலை ஐந்தேகாலுக்கு விழித்ததும் கை முதலில் தேடியது காலுறைகளைத்தான். முந்தின நாள் மாலை பிழிந்து கூடார வாசலில் தொங்கவிட்டிருந்தேன். காயவில்லை. காயாது என்று தெரியும், இருந்தாலும் ஒரு நப்பாசை. ஆற்றுக்குள்ளேயே நடக்கும் பயணத்தில் விடிந்ததும் முதல் வேலை ஈரக் காலுறையை மாட்டுவதுதான். உலர்ந்த ஜோடி ஒன்று பைக்குள் இருக்கும். ஆனால் அது தூங்க மட்டும். ‘கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டால் என்ன’ என்று ஆசையாக இருக்கும். போட்டால் பத்தாவது நிமிடம் ஆற்றில் இறங்க வேண்டிவரும், அப்புறம் ராத்திரிக்கும் ஈரம்தான்.

நாங்கள் மூன்று பேர். நான், என்னோடு வேலை பார்க்கும் நண்பன், எங்கள் இருவருக்கும் மூத்த அக்கா ஒருவர். உடன்பிறந்த அக்கா இல்லை, பழக்கத்தில் அக்கா. இருபது வருடமாக ஆறுகளில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டியவர். பனி உருகி வரும் ஓர் ஆறு, மலையை அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்கு, அதன் அடியிலேயே மூன்று நாள் நடந்து கீழே சாலையைத் தொடுவது என்று திட்டம். பாதை என்று ஒன்று கிடையாது. ஆறு எந்தக் கரையில் இடம் விடுகிறதோ அந்தக் கரையில் நடக்க வேண்டும். இரண்டு கரையிலும் விடாவிட்டால் ஆற்றுக்குள் நடக்க வேண்டும்.

இரண்டாம் நாள் தூரம் வரைபடத்தில் 11 கிலோமீட்டர். கணக்குப் போட்டவன் நான். மலை நடைக்கு நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி நேரம். நாம் இறங்கத்தானே போகிறோம் என்று நினைத்தேன். சுமை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்று தாராளமாக இரட்டிப்பாக்கி, ஐந்து மணி நேரம் என்று எழுதி வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கே முகாம் போய்விடலாம் போலிருக்கிறதே என்று நண்பன் கேலிகூடச் செய்தான். அன்று ஒன்பது மணி நேரம் நடந்து நாங்கள் கடந்தது ஏழரைக் கிலோமீட்டர்.

நெய்ஸ்மித் மேல் தப்பில்லை. அவர் சொன்னது பாதையில் நடப்பவனுக்கு. இங்கே ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல நடை.

கிளம்பும் முன் அக்கா ஆற்றோரம் போய்க் குந்தி உட்கார்ந்தார். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, பக்கத்தில் மூன்று கற்களை அடுக்கி வைத்திருந்தார். இப்போது குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மணல். உயரத்தில் அளந்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. “இதுதான் இன்னிக்கு நம்ம கடிகாரம்” என்றார். பனி உருகி வரும் ஆறு வெயிலோடு ஏறும், இரவோடு இறங்கும். பகல் முழுக்க உருகும் தண்ணீர் நம்மிடம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் உச்சம் நண்பகலில் இல்லை, பிற்பகல் கடைசியிலோ மாலையிலோ வரும். பனிக்கு எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறோமோ அவ்வளவு தாமதம். அதிகாலையில்தான் ஆறு மிகவும் இளைத்திருக்கும். ஆறு இருபதுக்கு நடக்கத் தொடங்கினோம். ஐந்து மணிக்கே கிளம்பியிருக்கலாம் என்று அன்று பிற்பகல் நூறு முறை நினைத்தேன்.

முதல் இரண்டு கடப்புகள் எளிது. ஆற்றைக் கடக்கும் முறையை அக்கா முந்தின நாளே காட்டியிருந்தார். எந்த இடத்தில் கடப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஆறு குறுகும் இடத்தில் எட்டடி தூரம்தானே என்று கால் பரபரக்கும். ஆனால் குறுகும் இடத்தில்தான் அது ஆழமாகவும் வேகமாகவும் போகும். அகலமாகப் பரந்து, கூழாங்கல் மேல் சலசலத்துக்கொண்டு ஓடும் இடம்தான் நமக்கு. நிறைகுடம் தளும்பாது என்பது ஆற்றுக்கும் பொருந்தும், சத்தமில்லாமல் வழுவழுவென்று போகும் இடம் ஆழம். வளைவில் வெளிப்பக்கக் கரை அரிக்கப்பட்டு மடுவாக இருக்கும். அப்புறம், கால் தவறினால் எங்கே போய்ச் சேருவோம் என்று கீழே பார்க்க வேண்டும். அங்கே அருவியோ, பாறை இடுக்கோ, குறுக்கே விழுந்த மரமோ இருந்தால் எவ்வளவு ஆழமில்லாத இடமானாலும் வேண்டாம். விழுந்த மரம் மூன்றிலும் மோசம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சல்லடையில் சிக்கின மாதிரி அங்கேயே அழுத்தப்பட்டு நின்றுவிடுவான்.

இறங்கின பிறகு முகம் தண்ணீர் வரும் பக்கம் பார்க்க வேண்டும். நடைக்கோலை முன்னால் ஊன்றி அதன் மேல் சாய வேண்டும். கோல், இரண்டு கால் என மூன்று புள்ளிகளில் எப்போதும் இரண்டு தரையில் இருக்க, ஒன்றை மட்டும் நகர்த்த வேண்டும். காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தடவித் தடவி நகர்த்த வேண்டும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது: தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரிகிற ஆழமே பொய். ஒளி வளைவதால் நாலடி ஆழம் நேர் மேலிருந்து பார்த்தாலே மூன்றடி போலத்தான் தெரியும். முழங்கால்தான் என்று இறங்கி இடுப்பு நனைந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அப்புறம் வேகம். நீரின் வேகம் இரட்டிப்பானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் தொடையளவுத் தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருந்த அதே ஆள், மாலையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் தடுமாறுவது இதனால்தான்.

பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் ஆற்றில் இறங்கும் முன் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையிலிருந்து உடனே நழுவி வெளியே வர முடியணும். பட்டை போடாவிட்டால் பை ஆடுகிறது, அதனாலேயே நிலை தடுமாறுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. தோள்பட்டையை இறுக்கிக்கொண்டால் ஆட்டம் குறைகிறது என்பது என் அனுபவம். இன்னொன்று: ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைக் கரையில் பிடித்துக்கொண்டு கடக்க வைப்பதைப் படங்களில் காட்டுவார்கள். அதைச் செய்யவே கூடாது. கட்டப்பட்ட ஆள் விழுந்தால் கயிறு விறைத்து நீரோட்டம் அவரைக் கீழே அமுக்கும். கயிறு வேண்டுமானால் கீழ்ப்பக்கம் ஒருவர் எறியத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கலாம். முதல் ஆறேழு கடப்புகளுக்கு அக்கா அப்படித்தான் நின்றார். அப்புறம் எங்களுக்கே அலுத்துவிட்டது. “நாங்க பார்த்துக்கறோம்க்கா, நீங்க போங்க” என்றோம்.

ஒன்பது மணி வாக்கில் இடுக்குக்குள் நுழைந்தோம். இந்த நடையின் அழகும் பயமும் அங்கேதான். இரண்டு பக்கமும் சுவர் செங்குத்தாக எழுந்து, வானம் ஒரு கிழிந்த துணிக்கீற்று அளவுக்குச் சுருங்கிவிட்டது. நுழையும் முன் அக்கா எங்களை நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார். எங்கள் தலைக்கு மேல் மூன்று ஆள் உயரத்தில், இரண்டு சுவருக்கும் குறுக்கே ஒரு முழு மரம் செருகிக்கொண்டிருந்தது. பட்டை உரிந்து எலும்பு மாதிரி வெளுத்துப்போன மரம். அதை யாரும் ஏணி வைத்து ஏற்றவில்லை. என்றோ ஒரு நாள் தண்ணீர் அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது.

திடீர் வெள்ளத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறைக்கிற விஷயம், அது நம் தலைக்கு மேல் பெய்யும் மழையால்தான் வர வேண்டும் என்பதில்லை என்பதே. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி மேட்டில். 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் சாக்செட்டன் ஓடையில் 21 பேர், 2018 ஆகஸ்ட் 20 அன்று இத்தாலியின் ரகனெல்லோ பள்ளத்தாக்கில் 10 பேர். எல்லாமே கோடைக்காலத்து இடிமழை. பாறையும் வறண்ட மண்ணும் மழையைக் குடிக்காது, அத்தனையையும் இடுக்குக்குள் கொட்டிவிடும். அதனால் வானிலை அறிக்கை பார்க்கும்போது நாம் நடக்கும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றுக்கு நீர் வந்துசேரும் மேட்டுப் பகுதி முழுவதற்கும் பார்க்க வேண்டும். மேலே அணை இருந்தால் எப்போது திறப்பார்கள் என்று கேட்டு வைக்க வேண்டும். கோடையில் இடிமேகம் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு கட்டும். எனவே இடுக்கைக் காலையிலேயே கடந்துவிடுவது என்பது மட்டும் எங்கள் திட்டத்தில் மாற்ற முடியாததாக இருந்தது. என் ஐந்து மணி நேரக் கணக்கில் உருப்படியான ஒரே வரி அதுதான்.

உள்ளே இருக்கும்போது எதைக் கவனிப்பது? தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்குவது. சருகு, சுள்ளி, நுரை கூட்டமாக மிதந்து வருவது. ஆற்றின் இரைச்சல் மாறுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் என்ன ஏது என்று விவாதிக்காமல் மேடேற வேண்டும். நடக்கும்போதே ‘இப்போது வந்தால் எங்கே ஏறுவேன்’ என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் இடுக்கில் ஏறுவதற்கு இடமே இல்லாத நீளம் சுமார் 400 மீட்டர். அதை நாங்கள் பேசாமல் கடந்தோம்.

நண்பனின் ஜிபிஎஸ் கடிகாரம் இங்கே கிறுக்குப் பிடித்தது போல் ஆடியது. சுவர்கள் வானத்தை மறைப்பதால் குறைந்த செயற்கைக்கோள்களே கிடைக்கும். கிடைக்கும் சமிக்ஞையும் பாறையில் பட்டுத் தெறித்துச் சுற்றி வரும். நாங்கள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதே அது எங்களை எதிர்ச் சுவருக்குள் ஐம்பது மீட்டர் நடக்கவைத்தது. இடுக்கு முடியும்போது நான்கு கிலோமீட்டர் வந்துவிட்டோம் என்று அவன் குதூகலித்தான். வரைபடத்தில் கிளையோடைகளை எண்ணிப் பார்த்தபோது இரண்டேகால். பள்ளத்தாக்கில் நம்ப வேண்டியது கிளையோடைகளையும் பெரிய வளைவுகளையும்தான். தாள் வரைபடத்தில் அவற்றுக்கு எண் போட்டுக்கொண்டு, கடக்கக் கடக்க அடித்துக்கொண்டே வந்தால் தொலைய வழியில்லை.

இடுக்கின் வாயில் ஒரு மடு. சுற்றிப் போக இடமில்லை, நீந்தித்தான் ஆக வேண்டும். இருபது மீட்டர்கூட இருக்காது. பைக்குள் எல்லாம் கனமான நீர்புகாப் பைகளில் சுருட்டி மூடியிருந்ததால் முதுகுப்பை தெப்பம் மாதிரி மிதந்தது. அதன் மேல் மார்பைப் போட்டுக்கொண்டு காலை உதைத்தோம். விலை உயர்ந்த பைதான் வேண்டும் என்பதில்லை, தடித்த பிளாஸ்டிக் உறையை உள்ளே இரண்டு அடுக்காகப் போட்டு வாயை முறுக்கிக் கட்டினாலும் போதும். பைக்கு மேலே போர்த்தும் மழையுறை மட்டும் இங்கே எதற்கும் உதவாது. அது மழைக்கு, முங்குவதற்கு இல்லை.

குளிரைப் பற்றித்தான் எனக்குச் சரியான எண்ணம் இருக்கவில்லை. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். வெளியே வந்து ஐந்து நிமிடம் நண்பன் நடுங்கினான். நடுங்குவது நல்லதுதான், உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம் அவன் பேசாமல் ஆகிவிட்டான். காலையிலிருந்து வாய் ஓயாதவன். பையின் கொக்கியைத் திறக்கப் பார்த்தான், விரல் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிரப் பிடிக்கவில்லை. அக்கா அதைத்தான் கவனித்தார். “டேய், என்னடா ஆச்சு?” என்று கேட்டதற்கு “ஒண்ணுமில்லக்கா” என்று குழறலாகச் சொன்னான். குளிர் உள்ளே இறங்கியவர்கள் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். உடனே நின்றோம். ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்த கம்பளி உடையும் குல்லாவும் போட்டு, தூக்கப்பையைத் தோளில் சுற்றி, சர்க்கரை கரைத்த சுடுநீரைக் கையில் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் போனது. பருத்திச் சட்டையோடு வந்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிளம்பும் முன் ஒருவர் பையை மற்றவர் பார்த்திருக்க வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டோம்.

பதினொன்றே காலுக்கு வெயில் பள்ளத்தாக்கின் அடியைத் தொட்டது. ஒரு மணி தாண்டியதும் போய்விட்டது. ஒரு நாளின் வெயில் மொத்தமே அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரத்தை எதற்குச் செலவழிப்பது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. நாங்கள் பாதங்களுக்குச் செலவழித்தோம். காலணி, காலுறை எல்லாம் கழற்றிப் பாறையில் பரப்பி, பாதத்தைத் துடைத்து வெயிலில் நீட்டிக்கொண்டு சாப்பிட்டோம். மணிக்கணக்கில் ஊறின பாதம் வெளுத்துச் சுருங்கி, தோல் மாவு போல் ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு மணல் துகள் போதும், தோல் உரிந்து வந்துவிடும். நடுவில் ஒரு தடவையாவது முழுதாக உலரவிட்டால் சாயங்காலம் வரை தாங்கும்.

காலணி பற்றி ஒரு புலம்பல். நீர்புகாத பூட்ஸ் என்று நல்ல விலை கொடுத்து வாங்கியதை நான் போட்டு வந்திருந்தேன். நீர்புகாத பூட்ஸுக்குள் கணுக்காலுக்கு மேல் வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேயும் வராது. நாள் முழுக்க இரண்டு வாளிகளைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தேன். நண்பன் போட்டிருந்த பழைய வலைத்துணி ஓட்டக் காலணி இரண்டு எட்டில் தண்ணீரை வடித்துவிட்டது. செருப்போ வெறுங்காலோ வேண்டாம், கற்களுக்கு நடுவே விரல் நசுங்கும். ஒட்டும் ரப்பர் அடிப்பாகம், வடியும் துணி, கம்பளிக் காலுறை. அவ்வளவுதான் தேவை.

மதியத்துக்குப் பிறகு வந்தது குண்டுக்கல் பகுதி. வீடு அளவு கற்கள், அவற்றுக்கு நடுவே அறை அளவு இடைவெளிகள், அடியில் எங்கோ ஆறு. வரைபடத்தில் 900 மீட்டர், எங்களுக்கு இரண்டு மணி நேரம். ஏறு, உட்கார், பையை இறக்கு, சறுக்கு, மறுபடி ஏறு. எழுதுவதற்கு இதில் ஒன்றுமில்லை. பெரிய கல்லைவிட நடுத்தரக் கல்தான் துரோகி, காலை வைத்ததும் புரளும். கறுத்துப் பளபளக்கும் ஈரப் பாறை பாசி, வெளிறிய உலர்ந்த பாறை நண்பன். ஒரு கல்லிலிருந்து மட்டும் ஓர் ஆள் உயரம் சறுக்கி இறங்க வேண்டியிருந்தது. சறுக்கும் முன் அக்கா கேட்டார்: “இதுல திரும்பி ஏற முடியுமா?” ஏறிக் காட்டிவிட்டுத்தான் இறங்கினோம். திரும்பி ஏற முடியாத இடத்தில் இறங்கிவிட்டால், கீழே வழி அடைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம்.

மூன்றேகாலுக்கு நாங்கள் வந்து நின்றது அன்றைய 19ஆவது கடப்பு. எட்டு என்று நான் திட்டமிட்டிருந்தேன்.

காலையில் பச்சைக் கண்ணாடியாக இருந்த தண்ணீர் இப்போது சாம்பல் கரைத்தது போல் கலங்கியிருந்தது. பனிப்பாறை நகரும்போது மலையை அரைத்த மாவு அது. அடி தெரியவில்லை. எதிர்க்கரையில் இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் முகாம். இருட்டும் முன் போய்விடலாம் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. பையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். பட்டையைக் கழற்றவில்லை. 18 முறை கழற்றி மாட்டி அலுத்திருந்தேன். கீழே யாரும் நிற்கவில்லை. அக்கா இன்னும் கடைசிக் குண்டுக்கல்லில் இருந்தார்.

நாலாவது எட்டில் அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக். கதவை யாரோ அடியிலிருந்து தட்டுவது போல. காதில் கேட்டதைவிடக் கோலின் வழியாக உள்ளங்கையில் உணர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். ஆற்றின் அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் அது. கல்லையே உருட்டிக்கொண்டு போகும் தண்ணீரில் நமக்கு வேலை இல்லை, அது கேட்டாலே கடக்கக் கூடாது. எனக்கு அது அன்று தெரியாது. பின்னால் அக்கா “நில்லு, நில்லு, திரும்பி வா!” என்று கத்தினார். திரும்ப முயன்றேன். இடக்காலின் கீழிருந்த கல் நகர்ந்துவிட்டது.

விழுந்ததும் பை என்னைக் குப்புறத் தள்ளியது. இடுப்புக் கொக்கியைத் தேடினேன். இழுவிசையில் விறைத்துக்கொண்டிருந்தது, மரத்த விரல்களுக்கு அது அசையவே இல்லை. காலையில் நண்பனின் விரல்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன் நான். ஒரே ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். எழுந்து நிற்க முயலவில்லை. வேகத் தண்ணீரில் நிற்கப் போனால் பாதம் கற்களுக்கு நடுவே சிக்கும். ஆள் முன்னால் சாய, தண்ணீர் மேலிருந்து அழுத்த, முழங்கால் ஆழத்திலேயே மூழ்கிப் போவார்கள். மல்லாந்து, கால்களைத் தண்ணீர் போகும் பக்கம், நீர்மட்டத்துக்கு மேலாக நீட்டி, பாறை வந்தால் காலால் உதைக்கிற மாதிரி மிதந்தேன். பை அடியில் மெத்தையாகிக் கொஞ்சம் தூக்கியும் பிடித்தது. அடுத்த வளைவில் உள்பக்கக் கூழாங்கல் திட்டு இருந்தது. கையால் துழாவிக்கொண்டு அதில் போய் ஏறினேன். நாங்கள் நின்ற அதே கரைதான். ஐம்பது மீட்டர்கூட இருக்காது. முழங்காலில் ஒரு வெட்டு, வளைந்த கோல் ஒன்று, காணாமல் போன தொப்பி ஒன்று. இடம் பார்த்துக் கடக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாரே, அந்த வளைவையும் திட்டையும் நான் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அதிர்ஷ்டத்தில் அமைந்தது.

அக்கா திட்டவில்லை. முழங்காலைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, ஆற்றோரம் மறுபடி ஒரு குச்சியை நட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது குச்சியைச் சுற்றித் தண்ணீர். இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

“இன்னிக்கு இவ்வளவுதான்” என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேசத் தேவையில்லாமல் போனதற்குக் காரணம் இரண்டு சின்ன ஏற்பாடுகள். பையில் ஒரு நாளுக்கான சாப்பாடு கூடுதலாக இருந்தது. நாங்கள் வெளியே வரும் நாளாக வீட்டில் சொல்லியிருந்தது மூன்றாம் நாள் மாலை, ஆனால் மீட்புக் குழுவைக் கூப்பிடச் சொல்லியிருந்தது நான்காம் நாள் நண்பகலுக்கு மேல். பள்ளத்தாக்கின் அடியில் கைபேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிக்கும் வானம் கொஞ்சமாவது தெரிந்தால்தான் செய்தி போகும். அந்த இடைவெளி மட்டும் இல்லாவிட்டால், வீட்டில் பதறுவார்களே என்ற ஒரே நினைப்பில் நாலரை மணிக்கு இன்னொரு இடம் தேடி அதே ஆற்றில் மறுபடி இறங்கியிருப்போம். சத்தியமாக இறங்கியிருப்போம்.

முகாமுக்கு இடம் தேடியபோது ஆற்றோரம் ஒரு மணல் திட்டு மெத்தை மாதிரி கூப்பிட்டது. அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். அதை விட்டுவிட்டு, சுவரோரம் பத்து மீட்டர் உயரத்தில் ஒரு படி போன்ற இடத்துக்கு ஏறினோம். பருத்த மரங்கள், பல வருடச் சருகு மெத்தை. சருகு அப்படியே படிந்து கிடந்தால் அங்கே அண்மையில் தண்ணீர் வரவில்லை என்று நம்பலாம். இன்னொரு லாபமும் உண்டு. இரவில் குளிர்காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தின் அடியில் தேங்கும், கொஞ்சம் மேலே இருந்தாலே குளிர் குறைவாகத் தெரியும்.

கலங்கல் தண்ணீரை நேராக வடிகட்டியில் போட்டால் அந்தப் பாறை மாவு நுண்துளைகளை அடைத்துவிடும். முதல் நாள் மாலை அப்படித்தான் என் வடிகட்டி திணறியது. இந்த முறை சட்டியில் பிடித்து இரண்டு மணி நேரம் தெளியவிட்டு, மேலாக மொண்டு துணியில் வடித்து, அப்புறம் வடிகட்டினோம். வடிகட்டியைத் தூங்கும்போது தூக்கப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் இழைகள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. சந்தேகம் வந்தால் கொதிக்க வைப்பதுதான்: நன்றாகக் கொதி வந்து 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம். கழிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் குழி தோண்ட வேண்டும் என்பது பொது விதி. 60 மீட்டர் அகலமே இல்லாத பள்ளத்தாக்கில் அது நடக்காது. அதற்கென்று உள்ள பைகளில் எடுத்துக்கொண்டு வெளியேதான் கொண்டுவர வேண்டும். நினைக்கும் அளவுக்கு மோசமில்லை.

இரவு நண்பன் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு முறை கீழே போய்க் குச்சியைப் பார்த்துவிட்டு வந்தான். ஏழரைக்குக் குச்சியின் நுனி மட்டும் தெரிந்தது. பத்து மணிக்குப் பாதி வெளியே வந்திருந்தது. டொக் டொக் சத்தம் அதுவரை மேலே எங்களுக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது நின்றது என்று தெரியாது, தூங்கிவிட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு மூன்று பேரும் கீழே போனோம். குச்சி உலர்ந்த கூழாங்கல் நடுவே தனியாக நின்றது, சாம்பல் நிற மாவு அதன் மேல் கோடு கோடாகப் படிந்திருந்தது. தண்ணீர் அதிலிருந்து மூன்று எட்டு தள்ளி, பச்சையாக, அடி தெரிய ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கயிற்றோடு கீழ்ப்பக்கம் போய் நின்றார். நான் இரண்டு பட்டைகளையும் கழற்றினேன். கழற்றியதை அவர் பார்த்தாரா என்று திரும்பியும் பார்த்துக்கொண்டேன். ஈரக் காலுறைக்குள் குளிர்ந்த தண்ணீர் மறுபடி புகுந்தது. ஆழம் முழங்காலைத் தொடவில்லை.